மூன்றாவது சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவு: 4ஏ-ஜிஇ எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டலாமா?

இரட்டைக்கேம்:

வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஏஇ86. 1,587 சிசி, 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சின். ஒன்பது ஆண்டுகளாக நானே பராமரித்து ஓட்டுகிறேன். சில மாதங்களாக மேடு ஏறும்போது நீலப் புகை கக்குகிறது. ஆயிலும் வேகமாகக் குறைகிறது.

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து அழுத்தம் பார்த்தேன். வரிசையாக 168, 165, 112, 163 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). மூன்றாவதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றிப் பார்த்தபோது 150க்கு ஏறியது. ஆயில் பிஸ்டன் ஓரத்துக் கசிவை அடைத்ததால்தான் ஏறியது; அப்படியானால் கோளாறு வால்வில் இல்லை, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில்தான் என்று புரிந்துகொண்டேன்.

பிரிப்பதென்று ஆனபின் பழையபடியே கட்டிவைக்க மனமில்லை. 81 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 81.5 ஆக்கி, ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனும், வால்வைத் திறக்கும் கேமைப் பெரிதாகவும் போட்டு 8,500 ஆர்பிஎம் வரை கொண்டுபோக ஆசை. கிளட்ச், பிரேக், டைமிங் பெல்ட் எல்லாம் செய்திருக்கிறேன். எஞ்சினின் அடிப்பாகத்தை இதுவரை திறந்ததில்லை. இந்த வாரம் பிஸ்டன் ஆர்டர் செய்யப்போகிறேன். எதை நானே செய்யலாம், எதைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்?

பழைய ஃபிட்டர்:

தம்பி, முதலில் அந்த ஆர்டரை நிறுத்துங்கள். எதையும் அளக்காமல் பிஸ்டன் வாங்குவது, காலைப் பார்க்காமல் செருப்பு தைப்பது போல. இந்த எஞ்சினில் முந்தைய வகைக்குக் கிராங்கின் ராட் ஜர்னல் (பிஸ்டனைத் தாங்கும் ராட் வந்து பூட்டும் இடம்) 40 மி.மீ., பிஸ்டனை ராட்டோடு இணைக்கும் பின் 18 மி.மீ. பிந்தைய வகைக்கு 42, 20. உங்கள் காரின் எஞ்சினை யாராவது முன்பே மாற்றியிருக்கலாம். பிரித்து, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தெரியும்.

போரை மேலே, நடுவில், கீழே என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளந்து எழுதுங்கள். அந்தத் தாள்தான் எவ்வளவு போர் செய்ய வேண்டும் என்று சொல்லும். அதன் பிறகு பிஸ்டன் வாங்கி, பிஸ்டனோடு பிளாக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டன் செய்தவர் தரும் இடைவெளிக்கு ஏற்பத்தான் ஹோன் செய்ய (கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர) வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். பழைய பிஸ்டனின் இடைவெளியையே வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

81.5க்குப் போனாலும் உங்களுக்குக் கிடைப்பது 1,607 சிசி, அதாவது 20 சிசிதான் கூடுதல். போர் செய்வது தேய்மானத்தைச் சரிசெய்வதற்கு. வேகம் அதில் வராது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. நான்கும் ஒரே ஆயிலில், ஒரே சூட்டில் ஓடியவை. மூன்றாவது மட்டும் ஏன் போயிற்று? அதற்கு விடை கிடைக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் திரும்ப முடுக்காதீர்கள். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே இடத்தில் சாகும்.

வால்வுக்காரர்:

8,500 பற்றி ஒரு சொல். ராட் போல்ட்டின் மேல் விழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 7,500இலிருந்து 8,500க்குப் போனால் ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதல். நல்ல போல்ட் போடுங்கள். ஆனால் போல்ட்டை மாற்றினால் ராட்டின் பெரிய முனையின் வட்டம் சிறிது கோணும். போல்ட்டை முடுக்கிய நிலையில் அளந்து, தேவையானால் மறுபடி ஹோன் செய்ய வேண்டும். அது பட்டறை வேலை.

உயரமான கேம் போடுவதானால் பக்கெட்டின் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள கிண்ணம்) மேலே உட்காரும் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) நம்ப வேண்டாம்; அதிக வேகத்தில் தெறித்து வெளியே வரும். அடியில் ஷிம் வைக்கும் பக்கெட்டுக்கு மாறுங்கள். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வு எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்றும் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். அதைத் தவிர்த்து வால்வு வளைந்துபோன எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைக்கேம்:

பிரித்துவிட்டேன். மூன்றாவது பிஸ்டனில் இரண்டாம் ரிங்குக்கு மேலுள்ள விளிம்பு உடைந்திருக்கிறது, ரிங்கும் இரண்டு துண்டு. மற்ற மூன்றும் முழுதாக இருக்கின்றன. ஐயா கேட்ட "ஏன்" மனத்தை விட்டுப் போகாததால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்தேன். மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகப் பெட்ரோல் விடுகிறது. ஜர்னல் 40 மி.மீ. 42 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் செய்திருந்தால் மொத்தமும் வீண்.

பழைய ஃபிட்டர்:

விடை கிடைத்துவிட்டது. பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்து, அந்தச் சிலிண்டர் மட்டும் சூடேறித் தட்டியிருக்கிறது, அதாவது கலவை சீராக எரியாமல் தானாகவே வெடித்திருக்கிறது. தட்டலில் முதலில் உடைவது ரிங் விளிம்புதான். நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே அளவு விடும்படி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி நீங்களே செய்ய வேண்டியவற்றில் பெரியது கழுவுதல். என் முதல் எஞ்சினில், ஹோன் செய்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுக் கட்டினேன். பளபளப்பாகத்தான் இருந்தது. 400 கி.மீ. ஓடியதும் மெயின் பேரிங் முழுவதும் கோடு கோடாகக் கீறல். ஹோன் கல்லின் பொடி அந்த நுண்ணிய கீற்றுகளுக்குள் தங்கிவிடும். மண்ணெண்ணெய் அதை வெளியே எடுக்காது. வெந்நீரும் சோப்பும் விட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி உள்ளேயும் தேயுங்கள். உலர்த்திய கையோடு ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். நான் இப்போதெல்லாம் நான்கைந்து முறை கழுவுகிறேன்.

ரிங் முனைகளின் இடைவெளியை ஒவ்வொரு போரிலும் தனித்தனியாகப் பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு, விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பழைய கணக்கு, உங்களுக்கு 0.33 மி.மீ. அருகில் வரும். பிஸ்டனோடு வரும் தாள் வேறு சொன்னால் தாளையே கேளுங்கள். இறுக்கமாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி, பழைய கதையே திரும்பும்.

ஆயில் பம்பின் பற்களில் வாஸலின் அடைத்துப் பூட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகள் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். அந்த விளக்கு அணைந்த பிறகு பிளக்கை மாட்டுங்கள்.

இரட்டைக்கேம்:

இன்ஜெக்டர்கள் நான்கும் புதிதாகவே வாங்குகிறேன். போர் அளவுத்தாளை நாளை இங்கே போடுகிறேன், ஐயா. பார்த்துச் சொன்ன பிறகுதான் பிஸ்டன்.