“நாங்கள் கட்டினோம்”: அரண்மனைக்குக் கொடுத்தவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

வார்சாவிலிருந்து

போலந்துக்கு வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வார்சாவில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இங்கே பெண்களை ‘பானி’ என்று மரியாதையாக அழைக்க வேண்டும். எனக்கு அவர் மனசுக்குள் பாட்டிதான், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய நகரத்தில் இருக்கும் அரச மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். போலந்து அரசர் மூன்றாம் சிகிஸ்முண்ட் தலைநகரை கிராகோவிலிருந்து வார்சாவுக்கு மாற்றியபோது விரித்துக் கட்டிய மாளிகை அது. “நானூறு வருடத்துக் கட்டடத்தை எவ்வளவு அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்!” என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்தார். உள்ளே ஒரு தாள்.

பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் பெரியது. மாளிகையின் கோபுரம் அச்சிட்டிருந்தது, கீழே ஒரு தொகை. மடித்த இடம் நூல் நூலாகப் பிரிந்துபோய், பின்பக்கம் ஒட்டிய டேப் மஞ்சளேறி மொறமொறவென்று ஆகியிருந்தது. “இதற்குப் பெயர் செகியேவ்கா. குட்டிச் செங்கல் என்று அர்த்தம். நீ பார்த்துவிட்டு வந்த மாளிகைக்கு நானூறு வயது இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாங்கள் கட்டினோம்” என்றார்.

கட்டினார்கள் என்று சொல்லவில்லை, கட்டினோம் என்றார். அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் அந்தக் கதைதான்.

1939 செப்டம்பர் 17-ஆம் தேதி ஜெர்மானியர்களின் குண்டுவீச்சில் மாளிகை தீப்பிடித்தது. கோபுரத்தில் இருந்த கடிகாரம் 11:15-க்கு நின்றுபோனது. பொருட்களை மீட்டுக்கொண்டிருந்த காப்பாளர் காசிமியேஷ் ப்ரோக்ல் அன்றே அங்கே உயிர்விட்டார். அதற்குப் பிறகும் ஆட்கள் போவதை நிறுத்தவில்லை. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஸ்தானிஸ்வாவ் லோரென்ட்ஸ் முன்னின்று நடத்த, ஓவியங்கள், கதவுகள், சுவரில் பதித்த மரவேலைகள், கல் சிற்பங்களின் துண்டுகள் என்று எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்தார்கள். ஜெர்மானியர்கள் சுவரெங்கும் வெடி வைப்பதற்குத் துளை போட்டு வைத்திருந்தார்கள். 1944 செப்டம்பரில், ஜெர்மானியர்களை எதிர்த்து வார்சா எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது, மொத்தத்தையும் தகர்த்தார்கள். நிலவறைகளும், ஜன்னலோடு நின்ற ஒரு சுவர்த் துண்டும், இன்னும் கொஞ்சம் சிதிலங்களும்தான் மிச்சம்.

திரும்பக் கட்ட வேண்டும் என்று 1949-லேயே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. ஆனால் தள்ளிக்கொண்டே போனார்கள். பாட்டிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே வெறும் திடல்தான். 1971 ஜனவரியில் கட்டலாம் என்று முடிவானது, கூடவே ஒரு குடிமக்கள் குழுவும் அமைத்தார்கள். நாடு முழுக்க, வெளிநாட்டில் இருந்த போலந்துக்காரர்களிடமும், வசூல் நடந்தது. 1975 மே மாதத்துக்குள் சேர்ந்த தொகை 50 கோடி ஸ்வோட்டி. பணத்தோடு நிற்கவில்லை. வீட்டில் இருந்த பழைய ஓவியம், மேசை நாற்காலி, கடிகாரம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருட்களை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பாட்டிக்கு அப்போது பதினொரு வயது. வகுப்பில் எல்லாரும் பழைய செய்தித்தாளும் காலி பாட்டிலும் சேர்த்து விற்று, அந்தக் காசில் செகியேவ்கா வாங்கினார்களாம். இவர் கையில் இருப்பது அதில் ஒன்று. “அப்பா வேலை பார்த்த இடத்தில் நன்கொடைப் பட்டியல் வந்தது. எல்லாரும் மனசார எழுதினார்கள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எழுதாமல் இருப்பது அந்தக் காலத்தில் சுலபமில்லை. ஆனால் அப்பா பட்டியலில் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே இருந்த உண்டியலிலும் போட்டார். அதை யாரும் கேட்கவில்லை” என்றார். எனக்கு இந்தக் கதையில் நெஞ்சைத் தொட்டது அந்த இரண்டாவது காசுதான்.

அப்புறம் ஒருநாள் அவரையே கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். முதல் தடவை நான் கவனிக்காத ஒன்றைக் காட்டினார். புதுச் சுவரில் அங்கங்கே நிறம் மங்கின, விளிம்பு உடைந்த கற்கள் பதிந்திருக்கின்றன. இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய கற்கள். புதுக்கல்லை அவற்றுக்கு ஏற்றபடி வளைத்துச் செதுக்கி இணைத்திருக்கிறார்கள். இணைப்புக்கோடு விரலில் தட்டுப்படுகிறது. அதைத் தடவியபடியே பாட்டி கொஞ்ச நேரம் நின்றார்.

அங்கே ரெம்பிராண்ட் வரைந்த இரண்டு படங்கள் இருக்கின்றன, இரண்டும் 1641-ஆம் வருடத்தவை. போலந்தின் கடைசி அரசர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்டிடம் இருந்தவை, பிறகு லான்ட்ஸ்கொரொன்ஸ்கி குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் குடும்பத்தின் கரோலினா லான்ட்ஸ்கொரொன்ஸ்கா கலை வரலாற்றுப் பேராசிரியர், நாஜிகளின் ராவன்ஸ்ப்ருக் முகாமில் அடைபட்டு உயிரோடு மீண்டவர். 1994-இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அந்த இரண்டையும் இன்னும் பல படங்களையும் இந்த மாளிகைக்கே இனாமாகக் கொடுத்தார். அவர் கொடுத்ததும் பாட்டி காலி பாட்டில் விற்றுக் கொடுத்ததும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன.

உங்களில் யாராவது இப்படி அரண்மனைக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

ஓகினாவாவிலிருந்து

நான் ஆராய்ச்சி வேலையாக ஜப்பானின் ஓகினாவா தீவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். 2019 அக்டோபர் 31, விடிவதற்கு முன்னால் ஷுரி கோட்டையில் தீ. ரியூக்யூ அரசர்களின் அரண்மனை அது. தலைமை மண்டபமும் பக்கத்து மண்டபங்களும் காலைக்குள் போய்விட்டன. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உள்ளூர் அக்கா ஒருவர் அன்றைக்கு எதுவும் பேசாமல் போனில் அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். 1945 போரில் அழிந்துபோய், 1992-இல்தான் தலைமை மண்டபத்தைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். அவருடைய பாட்டி பழையதையும் பார்த்தவர், புதியதையும் பார்த்தவர்.

கோட்டை இருக்கும் நாஹா நகரத்தின் நகராட்சி இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கியது. இலக்கு 10 கோடி யென். சில நாட்களிலேயே அதைத் தாண்டி, கடைசியில் பல மடங்கு சேர்ந்தது. கடைகளிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உண்டியல் வந்துவிட்டது. நானும் சில்லறையைப் போடுவேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 2020 பிப்ரவரியில் தன்னார்வலர்களைக் கூப்பிட்டார்கள். கூரையில் இருந்த சிவப்பு ஓடுகளில் தீயில் உடையாமல் தப்பித்தவற்றைச் சுத்தம் செய்கிற வேலை. ஓகினாவா ஓடுகளை வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தச் சாந்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த அக்காவோடு நானும் போனேன். ஓட்டை மடியில் சாய்த்து வைத்துச் சுரண்டியால் தள்ளினால், சில இடத்தில் வில்லையாகப் பெயர்ந்து வரும், சில இடத்தில் மணல் மணலாகத்தான் உதிரும். அவசரப்பட்டால் ஓடு உடைந்துவிடும். எனக்கு ஒன்று உடைந்தது. பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்தேன். “பரவாயில்லை, அதையும் அந்தப் பக்கம் வை, அதற்கும் வேலை இருக்கிறது” என்றார். அவர் சொன்னது பின்னால்தான் புரிந்தது. உடைந்த ஓடுகளைப் பொடித்து, புது ஓட்டுக்கான களிமண்ணோடு கலந்திருக்கிறார்கள்.

தலைமை மண்டபத்தை 2026 இலையுதிர் காலத்தில் முடிப்பதாகத் திட்டம். வேலை நடப்பதை மக்கள் வந்து பார்க்க வசதி செய்து கொடுத்திருந்ததும் எனக்குப் பிடித்தது. பணம் கொடுத்தவருக்கு மரம் அறுப்பதையும் அரக்கு பூசுவதையும் பார்க்கிற உரிமை இருக்கத்தானே வேண்டும்?

பாரிசிலிருந்து

இரண்டு பதிவும் வாசித்தேன், கண் கலங்கிவிட்டது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். வெர்சாய் மாளிகை என்றால் பெரிய பணக்காரர் கொடுத்த கதைதான் எல்லாருக்கும் தெரியும். முதலாம் உலகப் போருக்குப் பிறகு கூரை ஒழுகிக்கொண்டு கிடந்தபோது, அமெரிக்காவின் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1924-இலும் 1927-இலும் பெருந்தொகை கொடுத்தார். அதுவும் நல்ல காரியம்தான்.

நான் பார்த்தது அங்கத்தைய தோட்டத்துக்கு ஒரு மரம் கொடுத்தவரை. 1999 டிசம்பரில் அடித்த புயலில் வெர்சாயில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் காலத்து மரம் உட்பட. நான் வேலை செய்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர், கையைத் திறந்து செலவழிக்காத மனுஷன், திரும்ப மரம் நடுவதற்குக் காசு அனுப்பினார். ஏன் ஐயா என்று கேட்டேன். சின்ன வயதில் அப்பாவோடு அந்த மர நிழலில் இருந்து பாணும் சீஸும் சாப்பிட்டதாம். வேறொன்றும் சொல்லவில்லை, திரும்பி வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டார்.

சென்னையிலிருந்து

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். ராஜாக்கள் வாழ்ந்த இடத்துக்கு ஏழைப்பட்டவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? அந்தக் காசில் நாலு வீடு கட்டியிருக்கலாமே?

வார்சாவிலிருந்து

நியாயமான கேள்வி. இதை நானும் பாட்டியிடம் கேட்டேன். “எங்கள் வீட்டில் இரண்டு அறையில் ஐந்து பேர் இருந்தோம். அதனால் உன் கேள்வி எனக்குப் புதுசு இல்லை” என்றார். முன்னே தள்ளிப்போட்ட காலத்தில் அரசாங்கத்தில் இருந்தவர்களும் மாளிகை அவசரமில்லை என்றுதான் நினைத்தார்கள்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். அது ராஜா படுத்துறங்கிய இடம் மட்டுமில்லை. நாடாளுமன்றம் கூடியதும் அங்கேதான். 1791 மே 3-ஆம் தேதி அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டதும் அங்கேதான், இன்றைக்கும் மே 3 இங்கே தேசிய விடுமுறை. இந்த நாடு இருந்ததற்கே அடையாளம் இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டு இடித்த கட்டடம் அது. கூரை இல்லாமல் இருப்பது ஒரு இல்லாமை, நேற்று வரைக்கும் நம்முடையதாக இருந்ததை வேண்டுமென்றே இடித்துவிட்ட திடலை வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பது இன்னொரு இல்லாமை. பாட்டியின் அப்பா இரண்டையும் அனுபவித்தவர். எது முக்கியம் என்று அவருக்கு நான் சொல்லித்தர முடியாது.

கோபுரத்தில் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது 1974 ஜூலை 19. எந்த நிமிடத்தில் நின்றதோ அதே 11:15-க்கு ஓடவிட்டார்கள். பாட்டி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தார். முள் நகர்ந்தது தெரிந்ததா என்றேன். “தெரியவில்லை, முன்னால் நின்ற ஆள் உயரம். ஆனால் அப்பா அழுததைப் பார்த்தேன்” என்றார். உள்ளே எல்லாம் முடிந்து மக்களுக்குத் திறக்க 1984 ஆகிவிட்டது. அப்பா அதைப் பார்க்க இல்லை.

அந்தத் தாளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமே, பத்திரமாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தேன். “கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. இது என் ரசீது” என்று ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார்.

ஓகினாவா நண்பரே, உங்கள் ஓட்டுக் கதையைப் போலிஷில் மொழிபெயர்த்து அவருக்குப் படித்துக் காட்டினேன். உடைந்த ஓட்டைப் பொடித்துக் கலந்தார்கள் என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மண்டபம் திறந்ததும் கூரையின் படம் ஒன்று போடுங்கள். கிட்டப்போய் எடுங்கள், அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது.