டெக்சாஸ் துப்பாக்கிக் கண்காட்சி: இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

மன்னார்குடிக்காரன்:
அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி எங்கள் வீட்டில் உண்டு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதோடு சரி. மகனைப் பார்க்க டெக்சாஸ் போகிறேன். அங்கே ஊருக்கு ஊர் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சி முன்பு போல இல்லையாமே, பழைய துப்பாக்கிகள் கண்ணில் படுமா?

திருவாரூர் தம்பி:
ஐயா, நான் டாலஸில்தான் இருக்கிறேன். டிக்கெட் எடுத்தால் யாரும் பார்க்கலாம். துப்பாக்கியோடு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி, குண்டு இல்லை என்று பார்த்து, இயங்காதபடி பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் உள்ளே விடுவார்கள். பழைய வின்செஸ்டர், உலகப் போர்க் காலத்து ரைபிள் என்று பரப்பி வைத்து, கேட்டால் கதை கதையாகச் சொல்லும் பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இப்போது ஏஆர்-15 என்ற நவீன ரைபிளின் பாகங்கள், கத்தி, மாட்டுக்கறி வற்றல்தான் அதிகம். சேகரிப்பாளர் சங்கங்கள் நடத்தும் கண்காட்சியாகத் தேடிப் போங்கள்.

குடந்தை வக்கீல்:
சட்டமும் மாறியிருக்கிறது சார். உரிமம் பெற்ற வியாபாரி 1998 முதல், கண்காட்சியிலும் பொதுவாக எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) வழியாக வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்துத்தான் விற்க முடியும். தனி ஆள் விற்பனைக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. முக்கியமாக, சுற்றுலா விசாவில் போகிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. மகன் ஆசையாக வாங்கித் தந்தாலும் வேண்டாம்.

மன்னார்குடிக்காரன்:
நன்றி தம்பி, நன்றி சார். தோட்டா பக்கமே போகமாட்டேன். சேகரிப்பாளர் சங்கம் எதாவது தெரிந்தால் தம்பி இங்கேயே போடுங்கள்.