டர்பன் தையல் ஆலைகளும் கால்சென்டர்களும்: வரிச்சலுகை யாருக்குப் போய்ச் சேருகிறது?

சாட்ஸ்வொர்த்வாசி: புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு 2014 ஜனவரி முதல் வழங்கிவரும் வேலைவாய்ப்பு வரிச்சலுகை (ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டிய வரியில் நிறுவனம் கழித்துக்கொள்ளும் தொகை), 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. டர்பனுக்கு வடக்கே உள்ள உம்லாங்காவின் கால்சென்டர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தையல் ஆலைகள் மூடியபோது வேலையிழந்த, டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பெண்களில் பலர் அந்த வயதை எப்போதோ கடந்தவர்கள். சட்டைக்குக் காலர் வைப்பதில் கைதேர்ந்த ஒருத்தியை வயதைக் காட்டி ஒதுக்குவது என்ன கொள்கை?

கணக்கர்: ஐயா, ஆலைகள் மூடியதற்கும் இந்தச் சலுகைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 1990களில் உலக வணிக அமைப்பில் சேர்ந்த கையோடு சுங்கத் தீர்வையைக் குறைத்தோம். சீன ஆடைகள் வந்து குவிந்தன. எஞ்சிய வேலையிலும் ஒரு பகுதி, கூலி குறைந்த, நம் மாகாணத்திலேயே உள்ள நியூகாசிலுக்கும் அண்டை நாடான லெசோத்தோவுக்கும் நகர்ந்தது. கால்சென்டர்களைக் கொண்டுவந்ததும் வரி அன்று. நம் பிள்ளைகளின் ஆங்கிலமும், பிரிட்டனுக்கும் நமக்கும் ஓரிரு மணி நேரமே வித்தியாசம் என்பதும்தான். மேலும், டூப் டிரேட்போர்ட் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு இச்சலுகையில் வயது வரம்பே இல்லை. நிறுவன வரியும் 27 சதவீதத்துக்குப் பதிலாக 15 சதவீதமே.

சாட்ஸ்வொர்த்வாசி: அந்த மண்டலம் நகருக்கு வடக்கே, விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து டாக்சி மாறிப் போய்வரும் பெண்ணுக்குக் கூலியில் என்ன மிஞ்சும்? அது கிடக்கட்டும், நிறுவன வரி இலாபத்தின் மீதுதானே விதிக்கப்படுகிறது? இலாபமே காணாத சிறு தையல் பட்டறைக்கு 27 என்றாலும் 15 என்றாலும் ஒன்றுதான்.

முன்னாள் மேற்பார்வையாளர்: அவர் சொல்வது உண்மை. நான் ஒரு சி.எம்.டி. பட்டறையில், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறையில், இருந்தவள். துணியும் மாதிரியும் கடைக்காரருடையவை. வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு அனுப்புவது மட்டுமே எங்கள் பொறுப்பு. உருப்படிக்கு இவ்வளவு என்று அவர்களே விலை சொல்வார்கள். ஆர்டர் மெலிந்தால் வாரத்தில் மூன்று நாள் வேலை, சம்பளமும் மூன்று நாளுக்குத்தான். எங்களை அதிகம் அடித்தவை இணையக் கடைகளின் சிறு பொட்டலங்கள். கப்பலில் வரும் ஆடைக்கு 45 சதவீதத் தீர்வையும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. 500 ராண்டுக்குக் குறைந்த பொட்டலமோ வெறும் 20 சதவீதத்தோடு வீடு வந்து சேர்ந்தது.

கணக்கர்: அந்த ஓட்டையை அடைக்கத் தாமதித்தது அரசின் தவறுதான் அம்மா, 2024 செப்டம்பர் 1 முதல்தான் அவற்றுக்கு மதிப்புக்கூட்டு வரி வந்தது. ஆனால் வயது வரம்பை எடுத்துவிட்டால், எப்படியும் வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கக்கூடியவர்களுக்கே கருவூலம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சாட்ஸ்வொர்த்வாசி: கொரோனா காலத்தில் 2020இலும், ஜூலை கலவரத்துக்குப் பின் 2021இலும், நான்கு நான்கு மாதங்களுக்கு 65 வயது வரை இதே சலுகையை நீட்டித்தார்களே! அப்போது இந்த வாதம் எங்கே போயிற்று?

கணக்கர்: அது இருக்கும் வேலையைக் காப்பதற்கான அவசர ஏற்பாடு. தையல் தொழிலுக்கு மட்டும், புதிதாக எடுக்கப்படுபவர்களுக்கு மட்டும், ஆளொன்றுக்கு இப்போதுள்ள 24 மாத உச்சவரம்போடு வயது வரம்பை நீக்கக் கேட்டால் நானும் கையெழுத்திடுவேன். பழைய ஆளை நீக்கிவிட்டுச் சலுகைக்காகப் புது ஆளை வைக்கும் முதலாளிக்கு ஆளொன்றுக்கு 30,000 ராண்ட் அபராதம் என்ற விதியும் அப்படியே இருக்க வேண்டும்.