ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டிக்குக் கண்ணாடி: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 1978இல் ஜப்பானிய நிறுவனமான டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீடியோ விளையாட்டின், நின்றுகொண்டு ஆடும் பெட்டி ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். இன்டெல் 8080 செயலி கொண்ட மின்சுற்றுப் பலகை, ஒலி, பொத்தான்கள் எல்லாம் நலம். சிக்கல் கண்ணாடியில்தான்.

இதில் திரை நம்மை நேராகப் பார்ப்பதில்லை. பெட்டிக்குள் தாழ்வாக இருக்கும் கறுப்பு வெள்ளைத் திரை, இடவலம் மாறிய படத்தைக் காட்டும். சாய்ந்து நிற்கும் கண்ணாடி அதைப் பிரதிபலிக்கும். அதே சமயம் பின்னாலிருக்கும் நிலவுக் காட்சியையும் ஊடுருவிக் காட்டும். 55 எதிரிகளும் உண்மையாகவே விண்வெளியில் மிதப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். எந்தப் புதிய திரையிலும் இந்த அழகு வராது. வயதாகி அந்தக் கண்ணாடியின் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்துவிட்டது.

மாற்றுக்கு அக்ரிலிக் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) போதுமா, கண்ணாடியேதான் வேண்டுமா? அக்ரிலிக் வளைந்து படம் நெளியுமோ என்று அஞ்சுகிறேன். பிரதிபலிப்பு எத்தனை விழுக்காடு இருந்தால் படமும் நிலவும் இரண்டும் தெளிவாகத் தெரியும்? இரட்டை பிம்பம் விழாமல் இருக்கப் பூச்சுப் பக்கத்தைத் திரையை நோக்கி வைப்பதுதானே சரி?

தட்டைத் திரைக்கு மாறும் எண்ணம் எனக்கில்லை. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்; அளவுகளும் படங்களும் கேட்டால் உடனே தருகிறேன்.