லேயில் மாட்டிக்கொண்டோம், மூன்று இரவு தங்க இடம் வேண்டும்

நானும் அம்மாவும் (61 வயது) லடாக்கின் லே நகரில் இருக்கிறோம். டெல்லி விமானம் நேற்றும் இன்றும் ரத்து. இங்கே விமானமெல்லாம் பெரும்பாலும் காலையில்தான், மதியத்துக்கு மேல் காற்று விடாது. காலை போனால் அந்த நாளே போச்சு. மாற்று டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு.

விடுதியில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. இரவு வைத்த வாளித் தண்ணீரைக் காலையில் கரண்டியால் தட்டி உடைக்க வேண்டியிருந்தது. நாளை மூடப்போகிறார்கள்.

சங்ஸ்பா பக்கம் ஆறு இடம் ஏறி இறங்கினேன். நான்கில் பூட்டு. மீதி இரண்டும் சாதர் (உறைந்த ஆற்றின் மேல் போகும்) நடைப்பயணக் குழுக்களால் நிரம்பிவிட்டன. செயலிகளில் 'அறை உண்டு' என்று காட்டும் இடங்கள் எதுவும் பதில் தருவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ப்ரீபெய்ட் சிம் இங்கே வேலை செய்யாது (இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்!), வைஃபைதான் கதி. ரோட்டில் இறங்கவும் வழியில்லை: ஸ்ரீநகர் பக்கம் போகும் சோஜிலா கணவாயும் மணாலி பாதையும் பனியில் மூடிக்கிடக்கின்றன.

உயரம் 3,500 மீட்டர். அம்மாவுக்குத் தலைவலி விட்டுவிட்டது, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு இரவுக்கு 3,000 ரூபாய் வரை தரலாம்.

ஊருக்குள்ளோ விமான நிலையத்தை ஒட்டிய ஸ்பிடுக்கிலோ, தரைத்தளத்தில் புகாரி அடுப்போ ஹீட்டரோ உள்ள அறையோடு, ஜனவரியில் நிஜமாகவே திறந்திருக்கும் இடம் யாருக்காவது தெரியுமா?