உகாண்டா போகும் குடும்பம்: சான்றொப்பம், தடுப்பூசி பற்றி உதவி தேவை

வணக்கம். கடலூர்க் குடும்பம் ஒன்று, இரண்டு பிள்ளைகளோடு, தன்னார்வப் பணிக்கு உகாண்டா போகிறது. கல்யாணச் சான்று கடலூரில் வாங்கியது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று புதுச்சேரியில். சிக்கலே இதுதான். சான்று கொடுத்த அரசு முதலில் ஒப்பமிட்டால்தான் வெளியுறவு அமைச்சகம் தன் ஒப்பத்துக்கு வாங்கும். அதனால் கடலூர்ச் சான்றுக்குச் சென்னை, மற்றதற்குப் புதுச்சேரி அரசு என்று இரண்டு வழி. "அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் தரும் சர்வதேசச் சான்று முத்திரை) போதும்" என்கிறார் ஏஜெண்ட். அது, அந்த முத்திரையை ஏற்கும் ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்குத்தான். உகாண்டா அதில் இல்லை, உகாண்டா தூதரக முத்திரையும் வேண்டும்.

புதுச்சேரியில் அண்மையில் முடித்தவர்கள் சொல்லுங்கள்: எந்த அலுவலகம், எத்தனை நாள், மூலச் சான்றை அங்கேயே விட்டு வரணுமா? சின்னவள் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் வெறும் இனிஷியலோடு 'எஸ். குமார்', பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து 'குமார் செல்வராஜ்'. நம்ம ஊர் இனிஷியல் தொல்லை! நகராட்சியில் திருத்தினார்களா, அஃபிடவிட் போதுமா? திருத்துவதானால் ஒப்பத்துக்கு முன்பே முடிக்கணும், இல்லையென்றால் புதுச் சான்றுக்கு மறுபடி முதலிலிருந்து.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் ஊசிச் சான்று அட்டை செல்லும். சின்னவளுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி) பாக்கி. இரண்டும் ஒரே நாளில், இல்லையேல் நான்கு வார இடைவெளியில். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் குழந்தைகளுக்கு எந்த நாளில் போடுகிறார்கள்?