கல் முதலா, வெடி முதலா?

மேட்டுலயம்:
நேற்று மே 11, சிவனு லெட்சுமணன் நினைவு நாள். டெவன் தோட்டத்தைப் பற்றி நாலு வரி போட்டிருந்தேன். அதற்குக் கண்டி வியாபாரி அண்ணன் போட்ட பதிலை எல்லாரும் பார்க்கட்டும் என்று இங்கே எடுத்துப் போடுகிறேன். "சும்மா இருந்தவனைப் பொலிஸ் சுடாது. ரம்புக்கனையில் கல்தான் முதல், வெடி பிறகு. டெவனிலும் அப்படித்தான் இருந்திருக்கும்." இருந்திருக்குமாம்! 1977இல் டெவனில் நடந்ததற்கு, 2022இல் பெற்றோல் விலைக்குக் கூடிய சனத்தைப் பொலிஸ் சுட்ட ரம்புக்கனையிலிருந்து சாட்சி கூட்டி வந்த முதல் ஆள் இவர்தான். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாட்களுக்குக் கொடுக்க அரசாங்கம் வந்தது. எங்கள் சனம் வேலையை நிறுத்தி மறித்தது. டெவனில் பொலிஸ் சுட்டது, லெட்சுமணன் செத்தார். காணி பிரிக்க வந்தவனை விட்டுவிட்டுக் கல்லைத் தேடுகிறார் அண்ணன்.

கண்டி வியாபாரி:
ஆமாம், எழுதினேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். செத்தவரை நான் குறை சொல்லவில்லை தம்பி, தியாகி என்று நீங்கள் மாலை போடுவதையும் தடுக்கவில்லை. ஆனால் எல்லாக் கதையிலும் பொலிஸ்காரன் சும்மா நின்ற சனத்தைப் பார்த்துச் சுட்டான் என்று எழுதினால் யார் நம்புவது? 2022 ஏப்ரல் 19ஆம் திகதி நான் கொழும்பிலிருந்து ஏறிய ரயிலில் இருந்தவன். ரம்புக்கனையில் தண்டவாளத்தை மறித்துவிட்டார்கள் என்று மணிக்கணக்காக நின்றோம். 33,000 லிட்டர் எரிபொருள் பவுசரைக் கொளுத்தப் பார்த்தார்கள் என்று பொலிஸ் சொன்னது. அது வெடித்திருந்தால் ரவுணே மிஞ்சியிருக்குமா? கல் முதல். வெடி பிறகு. அவ்வளவுதான்.

மேட்டுலயம்:
ரயில் எந்த ஸ்டேஷனில் நின்றது?

கண்டி வியாபாரி:
அதுவா இப்போது கேள்வி?

மேட்டுலயம்:
எந்த ஸ்டேஷன் அண்ணே?

கண்டி வியாபாரி:
பொல்காவலை.

மிளகாய்த்தூள்:
ஐயோ 😂 பொல்காவலைக்கும் ரம்புக்கனைக்கும் நடுவில் பத்துக் கிலோமீற்றர் இருக்கிறது. அங்கே ஜன்னலோரம் வடை சாப்பிட்டுக்கொண்டே யார் முதலில் கல் எறிந்தது என்று பார்த்திருக்கிறார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அண்ணன் ஏன் கடை நடத்துகிறார், கிரிக்கெட்டுக்கு மூன்றாவது நடுவராகப் போகலாமே.

கண்டி வியாபாரி:
அங்கிருந்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். எல்லாரும் சொன்னது ஒன்றுதான், கல் முதலில் வந்தது.

மேட்டுலயம்:
நடந்து வந்தவர்கள் சொன்னார்கள், அதை அண்ணன் கேட்டார், இப்போது நாங்கள் நம்ப வேண்டும். சரி. அந்தச் சனம் எதற்கு அங்கே இருந்தது என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்களா? முதல் நாளே பெற்றோல் வரிசையில் கிடந்தவர்கள். ராத்திரியோடு ராத்திரியாக 92 ஒக்டேன் பெற்றோல் லிட்டருக்கு 84 ரூபா ஏறி 338 ஆகிவிட்டது. பழைய விலைக்கு அடி என்று கேட்டார்கள். கேட்டதற்குக் கிடைத்தது கண்ணீர்ப்புகை, பிறகு வெடி. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் செத்தார். பவுசர் எரிந்ததா? இல்லை. எரியாத பவுசருக்கு ஒரு உயிர். கேகாலையில் பெரிய பொலிஸ் அதிகாரி ஒருவரையே கைது செய்து விளக்கமறியலில் வைத்தார்களே, அவர் கல் முதலா வெடி முதலா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டா சுடச் சொன்னார்?

சட்டக்கோப்பு:
இரண்டு பேரும் தப்பான கேள்வியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். கல் முதலில் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தாலும் சுடலாம் என்று ஆகிவிடாது. கூட்டத்தைக் கலைக்கக் குறைந்தபட்ச பலம்தான் பாவிக்கலாம், உயிருக்கு ஆபத்து என்றால்தான் துவக்கு. ஆகவே பார்க்க வேண்டியது

மிளகாய்த்தூள்:
பாதியில் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதா?

மேட்டுலயம்:
சட்டக்கோப்பு, அது நீதிமன்றத்துக்குச் சரி. இங்கே இவர் எறிந்தார்கள் என்கிறார். எறிந்தார்களா இல்லையா, அது முதலில் தெரியட்டும்.

ரிட்டயர் மாஸ்டர்:
பிள்ளைகள் வரலாறு தெரியாமல் பேசுகிறீர்கள். 1977இலிருந்து தொடங்கினால் எப்படி? 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சம்பளம் கேட்டுச் செய்த ஸ்ரைக் அது. அதற்கு விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தனின் மனைவி தரப்பில் இடதுசாரித் தலைவர், வக்கீல் கொல்வின் ஆர். டி சில்வாவே ஆஜராகிப் பொலிஸ் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். தொழிலாளர் மேல் போட்ட வழக்குகளைத் தள்ளிப் போடச் சொன்ன மந்திரியின் பேச்சைப் பொலிஸ் மா அதிபர் கேட்கவில்லை, தேசாதிபதி பொலிஸ் பக்கம் நின்றார், மந்திரி சபையே இராஜினாமாக் கொடுத்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பை அந்தளவுக்கு ஆட்டியது. வெள்ளைக்காரன் காலத்திலேயே விசாரணை என்று ஒன்று நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

மேட்டுலயம்:
மாஸ்டர், விசாரணை நடந்தது சரி. தண்டனை? விசாரணையைக் காட்டித்தான் 80 வருஷமாக எங்களைத் தாலாட்டுகிறார்கள். மந்திரிமார் இராஜினாமாக் கொடுத்தது கோவிந்தனுக்காக இல்லை, தங்கள் சொல் எடுபடவில்லை என்ற ரோஷத்துக்கு. பிறகு திரும்பப் போய் அதே கதிரையில் உட்காரவும் செய்தார்கள்.

ரிட்டயர் மாஸ்டர்:
தம்பி, நான் 34 வருஷம் சரித்திரம் படிப்பித்தவன். என்னிடம் ரோஷத்தைப் பற்றிப் பேச வேண்டாம். போன வருஷம் சம்பளப் பேச்சிலும் நீங்கள் இதே மாதிரித்தான் குதித்தீர்கள். 1,000 ரூபா நாட்சம்பளம் எப்போது வந்தது என்பதையே தப்பாக எழுதினீர்கள், திருத்தியது நான். நன்றி என்று ஒரு வார்த்தை வந்ததா?

மேட்டுலயம்:
வந்துவிட்டது. நினைத்தேன் வரும் என்று. 2021 என்பதற்குப் பதிலாக 2020 என்று கை தவறி அடித்ததற்கு இன்னும் வட்டி கேட்கிறார்.

பதுளைப் பொடியன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கல் முதல் என்றால் வெடி வரும் என்கிறார் கண்டி அண்ணன். சரி, எங்கள் பக்கம் பிந்துனுவெவவுக்கு வாருங்கள். 2000 ஒக்டோபர் 25. பண்டாரவளைக்குப் பக்கத்தில் புனர்வாழ்வு முகாம். கத்தி, பொல்லு, நெருப்பு எல்லாவற்றோடும் கூட்டம் உள்ளே போனது. 20க்கு மேற்பட்ட தமிழ்ப் பொடியன்கள் செத்தார்கள். சுற்றிவரப் பொலிஸ் நின்றது. அந்தக் கூட்டத்தைத் தடுத்தார்களா? கல் இல்லை அண்ணே, கத்தி. அங்கே ஏன் உங்கள் சட்டம் வேலை செய்யவில்லை? கீழ் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை கொடுத்தது, அதில் பொலிஸ்காரர்களும் இருந்தார்கள். 2005க்குள் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விட்டுவிட்டது.

கண்டி வியாபாரி:
அது வேறு. அங்கே பொலிஸ் சுடவில்லை என்று குறை, இங்கே சுட்டது என்று குறை. பொலிஸ்காரன் என்னதான் செய்வது?

மேட்டுலயம்:
அதைத்தானே ஐயா நாங்களும் கேட்கிறோம்! யாரைப் பார்த்தால் கை நீளுகிறது, யாரைப் பார்த்தால் கை கட்டிக்கொள்கிறது என்று.

கண்டி வியாபாரி:
ரம்புக்கனையில் செத்தது தமிழன் இல்லை, ஞாபகம் இருக்கட்டும். 2011இல் கட்டுநாயக்காவில் செத்தவனும் தமிழன் இல்லை. எல்லாவற்றையும் சாதிக் கணக்காக்க வேண்டாம்.

மேட்டுலயம்:
நல்லது, நீங்களே வந்தீர்கள். கட்டுநாயக்காவில் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கத்திய பிள்ளையைச் சுட்டார்கள். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார், சட்டமூலமும் போனது. டெவனுக்கு யார் பதவி விலகினார்? ஒரு சார்ஜன்ட்? 2016இல் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இரண்டு கம்பஸ் பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் போனார்கள். முதலில் விபத்து என்றார்கள், பிறகு பார்த்தால் பொலிஸ் சூடு. மோட்டார் சைக்கிளில் போகிறவன் எந்தக் கையால் கல் எறிந்தான் அண்ணே?

மிளகாய்த்தூள்:
பொல்காவலையிலிருந்து பார்த்தால் தெரியும்.

கண்டி வியாபாரி:
பொல்காவலையை விடுங்கள் ஐயா!!

சங்கத்துப் பிள்ளை:
டெவன் போராட்டத்தை யார் நடத்தியது என்று ஒருவரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? தொழிற்சங்கம் இல்லாவிட்டால் அந்த 7,000 ஏக்கர் போயே போயிருக்கும். அதே வருஷம் ஜூலைத் தேர்தலில் சங்கத் தலைவர் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார். அந்தக் காலத்துச் சனத்துக்கு நன்றி இருந்தது.

மேட்டுலயம்:
மறித்து நின்றது சனம், பேர் வாங்கியது சங்கம். அடுத்த மாதமே, 77 ஓகஸ்ட் கலவரத்தில், அதே சனம் அடி வாங்கி மூட்டை முடிச்சோடு ஓடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 7,000 ஏக்கரைக் காப்பாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு 7 பேர்ச் காணித் துண்டுக்கு உறுதிப் பத்திரம் கேட்டு அலைகிறார்கள்.

சங்கத்துப் பிள்ளை:
நீங்கள் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

மேட்டுலயம்:
ஒன்றுக்கும் கட்டவில்லை. அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

பீலிக்கரை அக்கா:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கல்லைப் பற்றி எனக்கு ஒரு கதை இருக்கிறது. சம்பளப் பிரச்சினை உச்சத்தில் இருந்த வருஷம், எங்கள் தோட்டத்தில் ஒரு வாரம் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகவில்லை. மலைக்குப் போகிற ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். விடியக்காலைப் பனி, பக்கத்தில் நிற்கிறவள் முகமே தெரியாது. ஜீப் சத்தம் கேட்டது. ரோட்டுப் போட மெட்டல் கல் அடித்துக் குவித்திருந்தார்கள், அதில் ஒன்றை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, பயத்தில்தான். பொலிஸ்காரர்கள் இறங்கினார்கள், தோட்டத்துத் துரையோடு பேசினார்கள், எங்களைப் பார்த்துக் கொஞ்சம் கத்தினார்கள், போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைத் துவைக்கும்போதுதான் பையில் கல் இருப்பது ஞாபகம் வந்தது, சவர்க்காரத் தண்ணியில் டொக்கென்று விழுந்தது. அன்றைக்கு எவனாவது கை தவறிச் சுட்டிருந்தால், என் பையில் இருந்த அந்தக் கல்லைத்தானே படம் பிடித்துப் பேப்பரில் போட்டிருப்பார்கள்?

கண்டி வியாபாரி:
பார்த்தீர்களா? அக்காவே ஒத்துக்கொள்கிறார். கல் இருந்தது.

மேட்டுலயம்:
அடக் கடவுளே. அக்கா சொன்னதிலிருந்து இந்த மனுஷன் எடுத்துக்கொண்டது இதைத்தானா?

பீலிக்கரை அக்கா:
அண்ணே, நான் எறியவில்லை.

கண்டி வியாபாரி:
எறியவில்லை, நம்புகிறேன். ஆனால் இருந்தது. ஜீப்பில் வந்தவனுக்கு உங்கள் மனசு தெரியுமா அக்கா? அவனும் யாரோ பெற்ற பிள்ளை. அவனுக்கும் பயம் இருக்கும்.

பீலிக்கரை அக்கா:
அவன் கையில் துவக்கு இருந்ததே அண்ணே. என் கையில் அதுவும் இல்லை, பைக்குள் ஒரு கல். பயத்தை எடை போட்டால் யாருக்குக் கூட?

சட்டக்கோப்பு:
மன்னிக்கவும், கரண்ட்தான் போனது. நான் சொல்ல வந்தது, இந்த அக்கா சொன்ன கதையில்தான் பொயின்ட் இருக்கிறது. கல் இருந்ததா என்பதை விட, சுட உத்தரவு யார் கொடுத்தது, அந்த நேரம் யாருடைய உயிருக்கு ஆபத்து இருந்தது, எச்சரிக்கை கொடுத்தார்களா, இதெல்லாம்தான்

ரிட்டயர் மாஸ்டர்:
"பொயின்ட்" என்று எழுதாமல் "விடயம்" என்று எழுதலாமே. தமிழ் எங்கே போகிறது?

மிளகாய்த்தூள்:
பொல்காவலை வழியாகக் கொழும்புக்குப் போகிறது மாஸ்டர்.

பதுளைப் பொடியன்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பிந்துனுவெவவில் ஏன் தடுக்கவில்லை?

மேட்டுலயம்:
பதில் வராது தம்பி. கண்டியில் கடை வைத்திருப்பவருக்கு ஹர்த்தால் என்றால் வியாபாரம் போச்சு, அவ்வளவுதான் வருத்தம். தோட்டத்து லய வீட்டுக்குள் வந்து ஒரு நாள் இருந்து பார்க்கட்டும், ஜீப் சத்தம் கேட்டால் வயிறு எப்படிக் கலங்கும் என்று.

கண்டி வியாபாரி:
லயத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என் அப்பாவும் பெரட்டுக்களத்தில் நின்றவர்தான். 83 கலவரத்தில் எங்கள் கடையை எரிக்கும்போது முன்னால் நின்று பார்த்தவன் நான், பொலிஸ் வரவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், வருகிற பொலிஸையும் விரட்டிவிடாதீர்கள் என்று. உங்களுக்கு அது புரியாது.

மேட்டுலயம்:
அண்ணே, அதற்கு வருத்தம்தான், உண்மையாக. ஆனால் கடையை எரிக்க விட்டவன்தான் ரம்புக்கனையில் சுட்டவன். இரண்டையும் நீங்களே சொல்லிவிட்டு அவனுக்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். சரி, கடைசியாக ஒரே ஒரு கேள்வி. டெவனில் கல் எறிந்ததை யார் பார்த்தது? பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். பார்த்தவர் ஒருவர், ஒரே ஒருவர்.

கண்டி வியாபாரி:
எறியவில்லை என்று பார்த்தவர் யார்? அதையும் சொல்லுங்கள்.

சங்கத்துப் பிள்ளை:
சங்க அலுவலகத்தில் பழைய பைல் இருக்கிறது, வந்து பாருங்கள்.

மேட்டுலயம்:
உங்கள் அலுவலகத்தில் சந்தாப் புத்தகத்தைத் தவிர வேறு எது இருக்கிறது?

ரிட்டயர் மாஸ்டர்:
1940ஐ ஒருவரும் தொடவில்லை. நான் போகிறேன்.

மிளகாய்த்தூள்:
மாஸ்டர் மூன்றாவது முறையாகப் போகிறார்.

மேட்டுலயம்:
எனக்கும் விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். ஆனால் இதை இத்தோடு விடமாட்டேன். ரம்புக்கனையில் கல் முதல் என்று சொன்னவர், அன்றைக்கு அந்த ரயிலில் இருந்ததற்காவது அத்தாட்சி காட்டட்டும்.

கண்டி வியாபாரி:
டிக்கெட் பத்திரமாக இருக்கிறது. நாளைக்குக் கடையில் தேடி எடுத்துப் படம் போடுகிறேன். கல்தான் முதல்.

மிளகாய்த்தூள்:
போடும்போது எந்த ஸ்டேஷன் வரைக்கும் என்பது தெரிகிற மாதிரிப் பிடியுங்கள் அண்ணே.